டெல்டாவில் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு: ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

சென்னையிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்கள், கூட வேலை பார்க்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு ஊருக்கு வருவார்கள். கிளம்புமுன் போன் வரும். "டீச்சர், கிராமத்து வழக்கமெல்லாம் நேர்ல பாக்கணுமாம். எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போறது?" நான் திருப்பிக் கேட்பது, "எந்த மாசம் வர்றீங்க?" என்றுதான். மாதத்தைச் சொன்னால் ஊரைச் சொல்லிவிடலாம். நான் வெண்ணாற்றங்கரையில் பிறந்தவள், திருவையாற்றுப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள், இந்த ஆறுகளுக்கு நடுவே உள்ள பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள். எங்கள் வழக்கங்களில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பார்த்து நடப்பவை. அந்தக் கணக்குத் தெரியாமல் வருகிறவர்கள் வெறும் வயலையும் பூட்டிய கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். இருப்பு குறைந்த வருஷங்களில் திறப்பு தள்ளிப்போகும். அதனால் செய்தித்தாளைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மேட்டூரில் விட்ட தண்ணீர் சில நாளில் கல்லணைக்கு வரும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணை வந்த 1934-ஐ ஒட்டித்தான் அதுவும் வந்தது. கல்லணையில் மதகைத் தூக்கும்போது நெல்லும் பூவும் தூவுவார்கள். அந்தக் கூட்டத்தில் அதிகாரிகளும் கேமராக்களும்தான் நிறைய இருக்கும். நீங்கள் அதற்கு வராமல், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடைக்குப் போங்கள். திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் ஒரு வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வரும் நாளில் கரையில் நில்லுங்கள். யாரும் ஏற்பாடு செய்யாமலேயே ஒரு கிழவர் வந்து குனிந்து தொட்டுக் கும்பிட்டு, தலையில் தெளித்துக்கொள்வார். டெல்டாவில் வேறு எதைப் பார்த்தாலும் இதற்குப் பிறகு பார்த்தால்தான் விளங்கும்.

ஆடிப் பதினெட்டு

முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த நாளைத்தான். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு. அங்கே அம்மா மண்டபத்தில் கூட்டம் அலைமோதும். பெருமாள் ஆடியில் படித்துறைக்கு எழுந்தருளி, காவிரிக்குப் பட்டும் மாலையும் சீராகக் கொடுப்பார். அதைப் பார்க்க விரும்பினால் ஒரு தடவை போய்வாருங்கள். திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையும் நல்ல இடம்தான். ஆனால் வழக்கம் என்ன என்று பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள, பெயர் தெரியாத ஏதாவது ஒரு சின்னப் படித்துறைதான் ஏற்றது. குடமுருட்டியிலோ வெட்டாற்றிலோ நாலைந்து தெருப் பெண்கள் மட்டும் கூடுகிற படித்துறை போதும்.

காலையிலேயே போய்விடுங்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் கொத்து கையில் இருக்கட்டும். வெறுங்கையோடு போய்க் கரையில் நின்றால் வேடிக்கை பார்க்க வந்தவர். தட்டோடு போனால் "வாம்மா, இப்படி உக்காரு" என்று இடம் விடுவார்கள். ஆற்று மணலில் பிள்ளையார் பிடித்து வைப்பார்கள். இலையில் காப்பரிசி, அதாவது ஊறவைத்த அரிசியில் வெல்லமும் எள்ளும் கலந்தது. காதோலை, கருகமணி, பேரிக்காய், விளாம்பழம், நாவல்பழம் எல்லாம் இருக்கும். விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு மஞ்சள் நூல் எடுத்து, பெண்களுக்குக் கழுத்திலும் ஆண்களுக்குக் கையிலும் கட்டுவார்கள். உங்களுக்கும் கட்ட வருவார்கள், கையை நீட்டுங்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த கல்யாண மாலையைக் கொண்டுவந்து தண்ணீரில் விடுவார்கள், தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் சற்றுத் தள்ளி நில்லுங்கள், படம் எடுக்காதீர்கள். அது இரண்டு குடும்பத்துக் காரியம்.

சிறுவர்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு வருவார்கள். மரத்தட்டில் சாமிப் படம் ஒட்டி, சக்கரம் வைத்தது. தஞ்சாவூரில் ஆடி பிறந்ததுமே கடைகளில் விற்கும். கூட வரும் குழந்தைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால், பேச்சுக்கு உங்களுக்கு முன்னால் அது போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. புதுத்தண்ணீர் அடியில் இழுக்கும். மணல் எடுத்த பள்ளங்கள் மேலே தெரியாது. நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் படித்துறையைத் தாண்டி இறங்காதீர்கள். உள்ளூர்ப் பையன் குதிக்கிறான் என்று நீங்களும் குதிக்க வேண்டாம், அவனுக்கு அந்த ஆற்றின் ஒவ்வொரு அடியும் தெரியும்.

மதியம் கலந்த சாதம். புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை, தயிர். யாராவது இலை போடுவார்கள், மறுக்காதீர்கள்.

"இன்னைக்கு யாரு மண்டகப்படி?"

அம்மன் திருவிழாவுக்கு வருகிறவர்கள் இந்தக் கேள்வியோடு வாருங்கள். பூச்சொரிதல், காப்புக் கட்டுதல், தினம் ஒரு மண்டகப்படி, தீமிதி, மஞ்சள் நீர், கடைசியில் விடையாற்றி என்று விழா நடக்கும். மண்டகப்படி என்றால் அன்றைய செலவும் பொறுப்பும் மரியாதையும் இன்னார் குடும்பத்துக்கு, இன்ன தெருவுக்கு, இன்ன தொழில்காரர்களுக்கு என்று ஏற்கனவே பிரித்து வைத்தது. எந்தத் தெரு எந்த நாள் செய்கிறது, யாருக்கு முதல் விபூதி, சாமி எந்த வீட்டு வாசலில் நின்று போகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தால், அந்த ஊர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது மொத்தமும் தெரிந்துவிடும். தீமிதி அன்றைக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்கு நெருப்பு மட்டும்தான் தெரியும். நடுவே ஒரு சாதாரண மண்டகப்படி நாளில் வாருங்கள். கூட்டம் இருக்காது, பூசாரிக்குப் பேச நேரம் இருக்கும், நாதஸ்வரக்காரர் சாவகாசமாக வாசிப்பார்.

காப்புக் கட்டியாகிவிட்டதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கட்டிய பிறகு ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். வீட்டில் கவுச்சி ஏறாது. சில தெருக்களில் தாளிப்பதுகூட இல்லை. நீங்களும் அந்த நாட்களில் அசைவம் சாப்பிட்டுவிட்டு ஊருக்குள் போகாதீர்கள். விழாவுக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைகட்டு வரி வெளியூர்க்காரருக்குக் கிடையாது. நன்கொடை கொடுக்க விரும்பினால் விழாக் குழுவிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். எந்தத் தனி ஆள் கையிலும் கொடுக்க வேண்டாம்.

வலங்கைமான் மகா மாரியம்மன் கோயில் பாடைக்காவடி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பங்குனி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நடக்கும். சாகக் கிடந்து பிழைத்தவர்கள், வேண்டிக்கொண்டபடி பாடை கட்டி அதில் பிணம்போல் படுத்து, தீச்சட்டி முன்னே போக, உறவுக்காரர்கள் சுமந்து வர, கோயிலுக்கு வந்து எழுவார்கள். மருத்துவமனையில் நம்பிக்கையில்லை என்று சொல்லப்பட்ட பிள்ளைக்காகத் தாய் நேர்ந்துகொண்டதாக இருக்கலாம். பாடையில் இருப்பவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தெருவோரம் நின்று, கை கூப்பி, கடந்து போக விடுங்கள். பாடைத் தூக்கி வந்தவர்கள் பிறகு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது கேட்டால் முழுக் கதையும் சொல்வார்கள், சொல்லத்தான் அவர்களுக்கும் ஆசை.

நடந்து பார்க்க ஏழு ஊர், உட்கார்ந்து கேட்க ஓர் இரவு

சித்திரையில் ஆறு வறண்டிருக்கும். அப்போது திருவையாற்றில் ஏழூர்த் திருவிழா. ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராகப் போகும். ஒவ்வொரு ஊர்ச் சாமியும் கிளம்பி வந்து கூடச் சேர்ந்துகொள்ளும். பங்குனியில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கிறதல்லவா, அந்தக் கல்யாணத்துக்குப் பழனம் பழம் கொடுத்தது, சோற்றுத்துறை சோறு போட்டது, பூந்துருத்தி பூ கொடுத்தது, நெய்த்தானம் என்கிற தில்லைஸ்தானம் நெய் கொடுத்தது, அதற்கு நன்றி சொல்லத்தான் மாப்பிள்ளை வீட்டார் இப்படி வருகிறார்கள் என்பது எங்கள் பக்கத்துக் கதை. கடைசியில் திருவையாற்றில் ஒரு பொம்மை பல்லக்குகளுக்குப் பூப்போடும். அதைப் பார்க்கக் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்பார்கள்.

பல்லக்கோடு நடங்கள். கார் எடுத்து ஒவ்வொரு கோயிலாகப் போனால் கோயில்தான் கிடைக்கும், நடுவில் உள்ளது கிடைக்காது. ஆற்று மணலில் இறங்கி ஏறுவது, தண்ணீர்ப் பந்தலில் மோர், வாசலில் கோலம் போட்டுக் குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் எல்லாம் நடுவில்தான் இருக்கின்றன. வெயில் கடுமை. பருத்தித் துண்டு ஒன்றைத் தலையில் போட்டுக்கொள்ளுங்கள், மணல் சுடும், செருப்பு வேண்டும்.

மாசியில் வருகிறவர்கள் காமன் பண்டிகை நடக்கும் தெருவை விசாரியுங்கள். அமாவாசைக்குப் பிறகு கம்பம் நட்டு, பௌர்ணமியை ஒட்டிக் காமனை, அதாவது மன்மதனை, எரிப்பார்கள். அந்த இரவுகளில் இலாவணி நடக்கும். தஞ்சாவூரை 1676 முதல் 1855 வரை ஆண்ட மராத்தியர் காலத்தில் வந்த பாட்டு முறை இது. டேப் என்கிற தோல் வாத்தியமும் துந்தினா என்கிற ஒற்றைத் தந்தி வாத்தியமும் வைத்துக்கொண்டு, காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. அவர் கேள்வியைப் பாட்டில் போட, இவர் பதிலைப் பாட்டிலேயே கொடுக்க வேண்டும். விடியும்வரை போகும். இன்றைக்குப் பாடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எங்கேயாவது இலாவணி என்று நோட்டீஸ் பார்த்தால் மற்ற திட்டத்தையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அங்கே போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். எதிர்க்கட்சியின் பதில் நன்றாக இருந்தால் வாய்விட்டு "ஆஹா" சொல்லுங்கள். பாடுகிறவருக்கு அதுதான் தெம்பு.

மெலட்டூர் பாகவத மேளா வேறு வகை. வைகாசியை ஒட்டி நரசிம்ம ஜெயந்தியில் நடக்கும், ஆண்களே பெண் வேடமும் போடும் தெலுங்கு நாடகம், இரவெல்லாம். முன்பதிவு, கட்டணம் எதுவும் தேவைப்படாது. தூக்கத்தைச் சமாளித்தால் போதும்.

தொழில் நடக்கும் ஊர்கள்

கடைக்குப் போகாமல் பட்டறைக்குப் போங்கள். அதுவும் வேலை நடக்கும் நாளில். சுவாமிமலையில் சிலை முதலில் மெழுகில் உருவாகும். அளவுக்கு ஸ்தபதி கையில் வைத்திருப்பது தென்னை ஓலைதான். ஓலையை மடித்து மடித்துத் தலை, உடம்பு, கால் என்று பிரித்துக்கொள்வார். அந்த மெழுகின் மேல் பூசுவது காவிரியின் வண்டல் மண். விரல் ரேகைகூடப் பதிகிற மென்மை அதற்கு உண்டு. பிறகு சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். வார்ப்பு என்றைக்கு என்று முன்னாடியே போனில் கேட்டுக்கொண்டு வந்தால், வெறும் அரம் தேய்க்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை.

ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. நாதஸ்வரம் செய்யும் ஊர். 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் குழல் கடைவார்கள். புது மரம் ஆகாது. பழைய வீடு இடிக்கிறார்கள் என்றால் அந்த உத்திரத்தையும் தூணையும் தேடிப்போய் வாங்கி வருவார்கள். ஈரம் முழுக்கப் போன மரம்தான் நாதம் பேசும். டி.என். ராஜரத்தினம் பிள்ளை இருந்த திருவாவடுதுறை பக்கத்திலேதான். அவருக்காக இங்கே உருவான பாரி நாயனம் என்கிற நீளமான நாதஸ்வரத்தைத்தான் இன்று பெரும்பாலும் வாசிக்கிறார்கள். முடிந்தால் சீவாளி கட்டுகிறவரையும் பாருங்கள். ஒரு நாணல் தட்டையைப் பதப்படுத்தி வாயில் வைத்து ஊதும் நிலைக்குக் கொண்டுவருவதில் எத்தனை பொறுமை இருக்கிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, கருப்பூர் கலம்காரி, தஞ்சாவூர் நெட்டி வேலை ஆகியவற்றையும் போகிற வழியில் பார்க்கலாம். கலம்காரிக்காரரிடம் கோயில் தேருக்குத் தொங்கும் தொம்பையைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு திருவிழாவில் தேரை வேறு கண்ணால் பார்ப்பீர்கள். எந்தப் பட்டறையிலும் ஒரு மணி நேரம் பேச வைத்தால் அவருடைய ஒரு மணி நேரக் கூலி போகிறது. சின்னதாக ஒன்றாவது வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். வாங்க முடியாவிட்டால் நேரத்துக்கென்று சொல்லிப் பணம் கொடுங்கள், கூசாமல் கொடுங்கள்.

எந்தத் தெரு வழியாக ஊருக்குள் போவது

எல்லாத் தெரு வழியாகவும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஊர் சுற்றிக் காட்டுகிறவர் உங்களை அக்ரகாரத்துத் திண்ணையையும் குடியானத் தெருவையும் காட்டிவிட்டுக் கோயிலில் கொண்டுபோய் நிறுத்துவார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு இருக்கும். நாற்று பறித்தவர்களும், நடவு நட்டவர்களும், தப்பு அடிக்கிறவர்களும், நடவுப் பாட்டு தெரிந்த கிழவிகளும் அங்கேதான் இருக்கிறார்கள். நீங்கள் தேடி வந்த பாட்டு அங்கேதான் இருக்கிறது. நடவு இயந்திரம் வந்த பிறகு வயலில் குலவை கேட்பது அபூர்வம். சம்பா நடவு சமயத்தில், புரட்டாசி ஐப்பசியில், கை நடவு நடக்கும் வயல் எது என்று விசாரித்துப் போனால் இன்னும் கேட்கலாம். வரப்பில் நின்று "பாடுங்க, எடுத்துக்கிறேன்" என்று கேட்காதீர்கள். வெற்றிலையோ டீயோ வாங்கிக் கொடுத்து, பத்து நிமிஷம் நீங்களும் நாற்று முடி எடுத்துக் கொடுங்கள். பாட்டு தானாக வரும்.

கீழ்வெண்மணிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். 1968 டிசம்பர் 25 அன்று, கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்டு நின்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை நிலக்கிழார்களின் ஆட்கள் ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஒவ்வொரு டிசம்பர் 25-க்கும் அங்கே ஆட்கள் திரளுகிறார்கள். நெற்களஞ்சியம் என்று எங்கள் மண்ணைப் புகழ்கிறவர்கள் அந்த நெல் யாருடைய கையால் விளைந்தது என்பதையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். தேர் வடம் யார் பிடிக்கிறார்கள், சாமி எந்தத் தெரு முனையில் திரும்பிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். அதுவும் இந்த ஊர்களின் வழக்கம்தான். உங்கள் குறிப்பில் அதையும் எழுதுங்கள்.

நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கு வருகிறவர்கள் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பும் இரவில் வாருங்கள். எல்லா மதத்துக்காரர்களும் பாதையோரம் நிற்பார்கள். கடையில் வாடா என்கிற பலகாரத்தைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். விதை நெல்லில் ஆர்வம் உள்ளவர்கள் கோடையில் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவைப் பாருங்கள். நெல் ஜெயராமன் வளர்த்தெடுத்த வழக்கப்படி, பாரம்பரிய நெல் 2 கிலோ வாங்கிப்போகிற விவசாயி அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தருவார். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இப்படித்தான் கைமாறிக் கைமாறி வயலுக்குத் திரும்பின.

தங்குவதற்குத் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடியில் லாட்ஜ் உண்டு. கிராமங்களில் கிடையாது. டவுன் பஸ்ஸிலேயே போங்கள். ஏறும்போதே கண்டக்டரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழையும் புயலும் உண்டு, வானிலை பார்த்து வாருங்கள். ஊரில் இறங்கியதும் டீக்கடையில் உட்காருங்கள். "எந்த ஊரு தம்பி? யாரு வூட்டுக்கு?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள், என்ன பார்க்க வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பெரியவர்களை ஐயா, அம்மா, உங்கள் வயதுக்காரர்களை அண்ணே, அக்கா என்று கூப்பிட்டால் போதும்.

படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். சாமி வந்து ஆடுகிறவரை நெருங்காதீர்கள். சாவு வீட்டு ஒப்பாரியைப் பதிவு செய்யவே வேண்டாம். எடுத்த படங்களில் பெரியவர்களுடையதைப் பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பேரன் போனோடு போய்விடும். கதவு எண் தெரியாவிட்டால் அவர் பெயர், தெரு, ஊர், அஞ்சல் பின்கோடு எழுதுங்கள். தபால்காரருக்கு ஆளைத் தெரியும். ஆடிக்கு வந்தவர்கள் அடுத்து மாட்டுப் பொங்கலுக்கு வாருங்கள், நெட்டி மாலை போட்ட மாட்டோடு அதே ஆட்கள் அதே படித்துறையில் இருப்பார்கள்.